சித்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாருங்கள்

அன்புள்ள சித்திக்கு,

அலைமேல் நின்று சறுக்கி வருகிற சர்ஃபிங் கற்றுக்கொள்ளப் போய், அந்தப் பலகையோடு நான் நிற்கும் படத்துக்குக் குடும்பக் குழுவில் வந்த பதில்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிய மாமா "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரிக்கும் பொம்மைகளை அனுப்பினார்கள். நீங்கள் மட்டும் குழுவில் ஒன்றும் சொல்லாமல், ராத்திரி பத்தரைக்குத் தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தீர்கள்: "53 வயசுல கத்துத் தருவாங்களா?"

"ம், தருவாங்க" என்று போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அது ஒரு பதிலா? ஒழுங்கான பதிலை இங்கே எழுதுகிறேன். உங்களைப் போல ராத்திரி பத்தரைக்கு யாரிடமாவது இதைக் கேட்க நினைக்கும் சித்திகள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள் என்பதால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போனால் தனி வகுப்புக்குப் போங்கள். நான் முதல் தடவை கூட்டத்தோடு போய்க் காசைக் கரைத்தேன். ஒரே அலுவலகத்துப் பிள்ளைகள் ஏழு பேர், எட்டாவதாக நான், சொல்லித்தர இரண்டு பேர். ஒன்றரை மணி நேரத்தில் என் முறை ஆறு தடவைதான் வந்தது. ஆறு தடவையும் விழுந்தேன். விழுவதில் ஒன்றுமில்லை, ஆனால் ஏன் விழுந்தேன் என்று சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இல்லை. அதோடு என் கண் வேறு. கண்ணாடி இல்லாவிட்டால் பத்தடிக்கு அப்பால் எனக்குக் கடலும் வானமும் ஒரே சாம்பல். அலை வருகிறது என்பது முதுகில் வந்து விழுந்தால்தான் தெரியும். உங்களுக்கும் இதே கதைதானே? நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பாட்டி கொடுத்த சொத்து இந்தக் கண்.

அதனால் அடுத்த முறை 2,000 ரூபாய் கொடுத்துத் தனியாகப் போனேன். பலகை அதே பலகை, கடலும் அதே கடல். கூடுதலாகக் கிடைத்தது ஒரு ஆளின் இரண்டு கண்கள், ஒன்றரை மணி நேரத்துக்கு, எனக்கே எனக்காக.

திருவான்மியூரில் வளர்ந்தவள் கடலைப் பற்றி இப்படி எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். சென்னைக்காரர்களுக்குக் கடல் என்றால் கால் நனைப்பது. பாவாடையை முழங்கால் வரை தூக்கிப் பிடிக்க வேண்டும், அம்மா பின்னாலிருந்து கையைப் பிடித்திருப்பார், அலை வந்ததும் கத்திக்கொண்டு ஓடிவர வேண்டும். அப்புறம் மாங்காய், சுண்டல், வீடு. 44 வருடம் கடலுக்குப் பத்து நிமிட தூரத்தில் இருந்துகொண்டு, நான் முழங்காலைத் தாண்டியதே இல்லை.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. மெரினாவில் கரையிலிருந்து நாலு எட்டு வைப்பதற்குள் ஆழம் சட்டென்று இறங்கிவிடும், இழுப்பும் அதிகம். போலீஸ் குளிக்க விடாததற்குக் காரணம் இருக்கிறது. அவ்வளவு அகலமான அந்த மணலே பின்னால் சேர்ந்ததுதான். நம் கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் அந்தச் சுவர் மணலைத் தடுத்தது. இந்தப் பக்கம் மெரினா வளர்ந்தது, அந்தப் பக்கம் ராயபுரம் கரையைக் கடல் தின்றது. பெசன்ட் நகரில் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி ஒரு வெள்ளை வளைவின் நிழலில் உட்கார்ந்தோமே, நினைவிருக்கிறதா? அது 1930இல், முழுகியவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம். இதெல்லாம் இருக்கிற ஊரில் ஒரு அம்மா பிள்ளையின் கையை விட மாட்டார்.

கற்றுக்கொள்ள நாங்கள் போவது இன்னும் தெற்கே, முட்டுக்காட்டுப் படகுத்துறையைத் தாண்டினதும் வரும் கோவளத்துக்கு. மீன்பிடி கிராமம். தர்கா, மாதா கோயில், ஒரு பெரிய ஓட்டல், படகுகள், நடுவில் பலகை தூக்கிக்கொண்டு போகும் பையன்கள். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் 2012இல் இங்கே சர்ஃபிங் பள்ளி ஆரம்பித்தார். குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, சர்ஃபிங் மட்டும்தான் என்பது குப்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் வைத்த நிபந்தனை. இன்று அந்தக் கரையில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன, சொல்லித்தருகிறவர்களில் நிறையப் பேர் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இங்கிருந்து மாமல்லபுரம் வரையிலான கரையை இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்கும் தெரியும். 2023 ஆகஸ்ட்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி ஒன்று மாமல்லபுரத்திலேயே நடந்தது.

எனக்குச் சொல்லித்தந்த தம்பிக்கு 22 வயது இருக்கும். காலை ஆறு மணி, வெயில் இன்னும் ஏறவில்லை. நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று. இந்தக் காற்றுதான் வேண்டுமாம், அலையின் முகத்தைச் சீவி நேராக நிறுத்திவைக்கும். வெயில் ஏறி, கடற்காற்று கிளம்பினால் எல்லாம் கலைந்துவிடும். அதனால்தான் அத்தனை சீக்கிரம்.

முதல் இருபது நிமிடம் மணலில். "திரும்பி நில்லுக்கா" என்றார். நின்றேன். முதுகில் லேசாகத் தள்ளினார். விழாமல் இருக்க என் வலது கால் முன்னால் போனது. "சரி, நீ கூஃபி" என்றார். திட்டவில்லை. வலது கால் முன்னால் வைப்பவர்களுக்கு அதுதான் பெயர், இடது கால் என்றால் ரெகுலர். பின்னங்கால் கணுக்காலில் லீஷ் என்று ஒரு கயிறு கட்டுவார்கள், விழுந்தாலும் பலகை உங்களை விட்டுப் போகாது. பலகை ஒன்பதடி நீளம், மேலே ஸ்பாஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். அதன் மேல் குப்புறப் படுத்து, கைகளை விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, ஒரே எழும்பலில் இரண்டு காலையும் பலகைக்குக் கொண்டுவர வேண்டும். மணலில் பத்துத் தடவை செய்தேன். புஜங்காசனம் மாதிரிதான் ஆரம்பிக்கிறது, பாதியில் தவளை ஆகிவிடுகிறது.

பிறகு விழக் கற்றுத்தந்தார். அது எனக்குப் பிடித்தது. தலைகுப்புறப் பாயக் கூடாது, அடியில் மணல் இரண்டடியில் இருக்கலாம். பக்கவாட்டிலோ பின்பக்கமோ, பாய் விரித்தாற்போலத் தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது இரண்டு கையும் தலையைச் சுற்றி இருக்க வேண்டும், ஏனென்றால் பலகை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அப்புறம், அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகையைக் குறுக்காகப் பிடிக்கவே கூடாது. பிடித்தால் அலை அதைத் தூக்கி உங்கள் மேலேயே போடும். இதை அவர் சொன்ன அரை மணி நேரத்தில் மறந்தேன். தாடையில் வாங்கிக்கொண்ட பிறகு மறக்கவில்லை.

தண்ணீருக்குள் இறங்கினால் இடுப்பளவு, அதிகம் போனால் மார்பளவு ஆழம். உடைந்து நுரையாக வரும் அலையில்தான் ஆரம்பம். நான் கரையைப் பார்த்துப் பலகையில் படுத்திருக்கிறேன். அவர் எனக்குப் பின்னால், பலகையின் வாலைப் பிடித்தபடி, கடலைப் பார்த்து நிற்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிவதெல்லாம் அவர் குரல் மட்டும். "இது வேணாம்... இதுவும் வேணாம்... பின்னாடி ஒண்ணு வருது, ரெடியா இரு..." பிறகு "துடுப்பு போடு, போடு, போடு!" என்றதும் இரண்டு கையாலும் தண்ணீரை வாரினேன். முதலில் வால் தூக்கியது. காதுக்குப் பின்னால் சோடா மூடி திறந்தாற்போல ஒரு சத்தம். அதுவரை தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்த பலகை சட்டென்று தரை மாதிரி உறுதியாகிவிட்டது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சைக்கிள் நின்றால் சாயும், ஓடினால் நிற்கும் அல்லவா, அதே கணக்குதான். "அப்! அப்!" என்று கத்தினார். எழுந்தேன், காலைப் பார்த்தேன், போய்விட்டேன் உள்ளே.

"கீழ பாக்காதக்கா. காலைப் பாத்தா கால்கிட்டதான் விழுவ. கரையில அந்த நீலப் படகு தெரியுதா? அதைப் பாரு."

"தெரியலையே தம்பி."

ஒரு நிமிடம் யோசித்தார். "சரி, வெளிச்சமா இருக்கிற பக்கத்தைப் பாரு" என்றார்.

கூட்ட வகுப்பில் இது நடந்திருக்குமா? அடுத்து எவ்வளவு முன்னால் படுத்திருக்கிறேன் என்று பார்த்து என்னை ஒரு சாண் பின்னால் இழுத்துவிட்டார். அதுவரை பலகையின் மூக்கு தண்ணீரில் குத்திக் குத்திக் கவிழ்த்துக்கொண்டிருந்தது, அதோடு நின்றது. ஒன்பதாவது தடவை எழுந்து நின்றேன். நாலு விநாடி இருக்கும். வெளிச்சமாக இருந்த பக்கம் கிட்ட வந்தது, அவ்வளவுதான் தெரியும். முழங்கால் ஆழத்தில் தொப்பென்று உட்கார்ந்து, மூக்கில் ஏறிய உப்புத் தண்ணீரோடு சிரித்தேன். பக்கத்தில் யாரும் இல்லை என்பதால் சத்தமாகவே சிரித்தேன்.

நடுவில் ஓய்வுக்கு நின்றபோது ஒரு ஃபைபர் படகு கரைக்கு வந்தது. தம்பியின் அப்பாவுடையது. அலை உடையும் இடத்துக்கு வெளியே படகு நின்றுவிட்டது. ஓட்டுகிறவர் திரும்பிக் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம், தம்பிதான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பெரிதாக மூன்று வந்தன, மூன்றையும் போகவிட்டார். மூன்றாவதன் முதுகிலேயே எஞ்சினை முடுக்கி, நுரையோடு நுரையாக வந்து மணலில் ஏறினார். "அப்பா எதைப் பாத்தாரோ அதைத்தான்க்கா உனக்கும் பாக்குறேன்" என்றார். சின்ன வயதில் உடைந்த பலகையை நெஞ்சுக்கடியில் வைத்து அலையில் வருவார்களாம், அப்போது அதற்குப் பெயர் எதுவும் கிடையாது. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்: இவர்களுக்கு யாரோ வெளியிலிருந்து அலையைக் கற்றுத்தந்தார்கள் என்று பேசுவது சரியில்லை. வெளியிலிருந்து வந்தது பலகை. கட்டுமரத்தில் அலை தாண்டிப் போய் அலையேறித் திரும்பிய ஊர் இது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள், முகத்துக்காகச் சொல்லவில்லை. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் வந்திருந்தேன். அம்மா மண்டபப் படித்துறையில் நீங்கள் குதித்து நீந்தினீர்கள், நான் உங்கள் துண்டைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். ஆற்றோடு சண்டை போடாதே, அது போகிற போக்கில் சாய்ந்து போய்க் கரையைப் பிடி என்று தாத்தா உங்களுக்குச் சொன்னார். கடலிலும் அதேதான். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு இடம் தேடும், அங்கே கடலுக்குள் ஒரு ஆறு ஓடும். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகினால் வெளியே வந்துவிடலாம். இதற்கு எனக்குப் படம் போட்டு விளக்க வேண்டியிருந்தது, உங்களுக்கு ஒரு வரி போதும். படித்துறைப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும்: தலைகீழாகப் பாய்வது.

முட்டி வலியை நினைத்துத் தயங்குவீர்கள். பள்ளியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முதலில் முட்டி போட்டு அப்புறம் எழலாம். எழவே வேண்டாம் என்றாலும் சரி. குப்புறப் படுத்தபடி ஒரு அலையில் கரை வரை வந்து பாருங்கள், என் கணக்கில் முக்கால் சந்தோஷம் அதிலேயே வந்துவிடுகிறது. மறுநாள் தலை பின்னக் கை தூக்க முடியாது. அதற்கு மருந்து எதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை.

உடுப்பு: பள்ளியில் முழுக்கை ரேஷ்கார்டு தருவார்கள், உடம்போடு ஒட்டிய பனியன் மாதிரி. கீழே லெக்கிங்ஸ், நாடா வைத்தது. வெறும் எலாஸ்டிக் என்றால் அலை என்ன செய்யும் என்பதை எழுத மாட்டேன், நேரில் சொல்கிறேன். பருத்திச் சுடிதார் வேண்டாம், ஈரமானால் கல். வளையல், மோதிரம், தோடு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலிக்கொடியைக் கழற்ற மாட்டீர்கள், தெரியும். ரேஷ்கார்டின் கழுத்துக்குள் போட்டுக்கொண்டால் நகராது. ஊக்கு மட்டும் குத்தாதீர்கள், குப்புறப் படுக்கப் போகிறீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வராதீர்கள், மழையும் புயலுமாகக் கடல் கெட்டுக்கிடக்கும். ஆனி, ஆடி, ஆவணியில் தெற்கிலிருந்து வரும் அலைகள் பெரிது, தெரிந்தவர்களுக்கு அதுதான் திருவிழா. நமக்கு மாசிதான் வசதி. ராக்ஃபோர்ட் ரயிலில் ராத்திரி ஏறினால் விடியற்காலை சென்னை. ஒரு நாள் ஓய்வெடுங்கள், மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்புவோம். அந்தத் தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். "கண்ணு தெரியாத இன்னொரு அக்காவா? கூட்டிட்டு வா" என்றார்.

சித்தப்பாவிடம் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாளைச் சேவிக்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். பொய்யில்லை. கோயில் கோவளத்துக்கு அடுத்தாற்போலத்தான் இருக்கிறது. பாடம் முடிந்து குளித்துவிட்டுப் போனால் நடை திறந்தே இருக்கும்.

அன்புடன்,
உங்கள் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்