கையெழுத்தின் படம் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கைரேகைபோல் கையெழுத்தையும் பயோமெட்ரிக் அடையாளமாக, அதாவது உடல் அல்லது பழக்கத்தை வைத்து ஆளை அறியும் அடையாளமாகக் கொள்ளலாம் என்கிறார்கள். கொள்ளலாம்தான். ஆனால் இன்று பெரும்பாலும் நடப்பது படம் பார்த்துப் பொருத்தும் வேலை.

காசோலையையே எடுத்துக்கொள்வோம். சிடிஎஸ் எனப்படும், படம் அனுப்பிக் காசோலையைத் தீர்வு செய்யும் முறையில் பணம் தரவேண்டிய வங்கிக்குத் தாள் போவதில்லை, ஸ்கேன் படங்கள்தான் போகின்றன. முன்பக்கத்துக்கு அங்குலத்துக்கு 100 புள்ளி கொண்ட சாம்பல் நிறப் படம் ஒன்று, 200 புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. பால்பாயிண்ட் கோடு அரை மில்லிமீட்டர் அகலம் என்றால், முதல் படத்தில் அது இரண்டே புள்ளி. இரண்டாவதில் நான்கு கிடைத்தாலும், அழுத்தி எழுதிய இடமும் லேசாக உரசிய இடமும் ஒரே கறுப்பு. போலியைக் காட்டிக்கொடுப்பதோ இந்த நுணுக்கங்கள்தான். பார்த்து வரைபவர் மெதுவாக இழுப்பதால் கோடு நடுங்கும். பேனா தயங்கிய இடத்தில் மை திட்டாகும். அசலில் சர்ரென்று மெலிந்து முடியும் வால், போலியில் மொட்டையாக நிற்கும். தாளில் லென்ஸ் வைத்தால் தெரிவது திரையில் மறைந்துவிடுகிறது. ஆகவே ரூ.50,000-மும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு, 2021 ஜனவரி முதல் உள்ள பாசிட்டிவ் பே வசதியை (காசோலை விவரங்களை நம் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடும் முறை) விட்டுவிட வேண்டாம்.

பயோமெட்ரிக் என்று சொல்லத் தகுந்தது வேறு வகை. அழுத்தம் உணரும் டேப்லெட்டில் பேனா இருக்கும் இடம், அழுத்தம், நேரம் எல்லாம் நொடிக்கு 100 முதல் 200 தடவை பதிவாகும். பேனாவைத் தூக்கிக் காற்றில் நகர்த்துவதைக்கூடச் சில கருவிகள் பிடித்துவிடும். தாளில் விழாத அந்த அசைவு நகலெடுப்பவர் கண்ணுக்கு எட்டாது. இருந்தும், 2004-ல் நடந்த முதல் சர்வதேசக் கையெழுத்துச் சரிபார்ப்புப் போட்டியில், பழகிப் போட்ட போலிகளுக்கு எதிராக முதலிடம் பிடித்த முறைக்கே பிழை 2.8 சதவீதத்தை ஒட்டி இருந்தது. இதை மட்டும் நம்பிப் பெரிய தொகையை விடுவிக்க முடியாது. ஓடிபி போன்ற இன்னொரு பூட்டும் வேண்டும்.

சறுக்குவது பெரும்பாலும் ஒப்பிடுவதற்கான மாதிரிக் கையெழுத்து எடுக்கும்போதுதான். ஒரே மூச்சில் ஐந்து வாங்கினால் ஐந்தும் ஒன்றுபோல் இருக்கும். அடுத்த மாதம் உரியவரையே கருவி ஏற்காது. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு வாங்க வேண்டும். முதியவர்களுக்கு அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். இரண்டெழுத்துச் சுருக்கக் கையெழுத்தில் ஒப்பிட ஒன்றுமே இருக்காது. பார்சல்காரர் நீட்டும் போனில் விரலால் கிறுக்குவதை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

கைரேகை திருடுபோனால் மாற்று விரல் கிடையாது, கையெழுத்தை மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால், முன்பே கொடுத்த காசோலைகளையும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்து பொருந்தாமல் திரும்பினாலும், காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது.

இன்னொன்று: பான் அட்டையில் கையெழுத்து அச்சாகியிருக்கிறது. அதன் ஜெராக்ஸில் சான்றொப்பம் வேறு இடுகிறோம். போலி செய்பவருக்கு ஒரே தாளில் இரண்டு மாதிரி! எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்பதை நகலின் குறுக்கே எழுதி, அந்த எழுத்தின் மேலேயே கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோவை