ஷிராஸும் மிளகுக் கறியும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. ரிட்டயர்மென்ட் பணம் முழுசாக வந்துவிட்டது, கிணற்றிலும் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று படித்ததில் எங்களுக்கு நிம்மதி. இங்கே நாங்கள் நலம். குளிர் தொடங்கியதும் உன் தங்கச்சிக்கு முட்டிவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி குறை ஒன்றுமில்லை. ஜூலையில் நீ மெல்பர்ன் வருவது உறுதி என்று எழுதியிருந்ததை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். என்ன சமைப்பது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நம்ம சாப்பாட்டுக்கு ஒயின் சேருமா என்று கேட்டிருந்தாய். சேரும், ஆனால் எல்லாவற்றோடும் சேராது. போன வாரம் வாங்கிய ஒரு பாட்டிலை வைத்தே சொல்கிறேன். கிராம்பியன்ஸ் மலைப் பக்கத்து ஷிராஸ், அதாவது ஷிராஸ் என்கிற திராட்சையில் செய்த சிவப்பு ஒயின். இங்கிருந்து மேற்கே காரில் மூன்று மணி நேரம் போனால் அந்த மலை வரும். பாட்டில் 16 டாலர். நல்ல ஓட்டலில் உட்கார்ந்து குடித்தால் ஒரு கிளாஸுக்கே அந்த விலை ஆகிவிடும்.

மூடி திருகு மூடிதான். அதைப் பார்த்து மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதே. பழைய மாதிரி கார்க் அடைப்பான் சில சமயம் ஒயினில் பூசண வாடையை ஏற்றிவிடும். அது பொறுக்காமல் 2000-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ஒயின் செய்கிறவர்கள் ஒன்றுசேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள். இன்றைக்கு இந்த நாட்டில் விலை கூடிய பாட்டிலுக்கும் பெரும்பாலும் அதுதான்.

கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றி முகர்ந்து பார்த்தேன். முதலில் கனிந்த நாவல்பழம். அது அடங்கியதும், அப்போதுதான் இடித்த மிளகின் வாசம். இது மனப்பிரமை இல்லை மாப்ளே. அடிலெய்டில் இருக்கிற ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த வாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து 2008-இல் எழுதினார்கள். ரோட்டண்டோன் என்ற பொருள்தான் காரணம். மிளகுக்கு அந்த மணத்தைக் கொடுப்பதும் அதேதான். ஒரு லிட்டர் ஒயினில் 16 நானோகிராம் (ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்) இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடுமாம். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு அது நிறைய இருந்தாலும் தெரிவதில்லையாம். உன் தங்கச்சிக்குச் சட்டென்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு முகர்ந்தும் பழ வாசம் மட்டும்தான் என்கிறார். உனக்கு எப்படி என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. இன்னொன்று கேள்: இந்த ரோட்டண்டோனை மிளகிலும் திராட்சையிலும் காண்பதற்கு வெகுகாலம் முன்பே கோரைக்கிழங்கில் கண்டிருக்கிறார்கள். உன் வயலில் பிடுங்கப் பிடுங்க முளைக்கிறதே, நம் அம்மாக்கள் குளியல் பொடிக்கு அரைத்தார்களே, அதே கோரைதான்!

குளிர்ந்த இடத்துத் திராட்சையில் இந்த மிளகு கூடுதல். பரோசா போன்ற வெயில் ஊர் ஷிராஸ் ஜாம் போலக் கெட்டியாக, பழம் தூக்கலாக இருக்கும். அதுவும் நல்லதுதான். நம் சமையலுக்கு எனக்குப் பிடித்தது கிராம்பியன்ஸ்.

அன்றைக்கு ஆட்டுக்கறி எடுத்து மிளகு வறுவல் செய்தோம். மிளகாய் ஒன்றுகூடப் போடவில்லை. சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, கறிவேப்பிலை, கொஞ்சம் சோம்பு. கறி வெந்து, தண்ணீர் வற்றி, எண்ணெய் பிரிகிற நேரத்தில் கொரகொரப்பாக இடித்த மிளகைத் தூவி இரண்டு புரட்டு புரட்டி இறக்கினாள். ஒரு வாய் கறி, ஒரு மடக்கு ஒயின். ஒயினில் இருக்கிற துவர்ப்பு வெறும் வாயில் குடித்தால் நாக்கைப் பிடிக்கும். கறியின் புரதமும் கொழுப்பும் அந்தத் துவர்ப்பை வாங்கிக்கொள்வதால் அடுத்த மடக்கு வழவழவென்று இறங்குகிறது. மிளகோடு மிளகு சேர்ந்து மணம் இரட்டிப்பாகிறது. நான் இங்கே சாப்பிட்டதில் இதற்கு ஈடாக வேறு ஜோடி சொல்ல மாட்டேன்.

மிளகாய் விஷயம் வேறு. 14 சதவீத ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைத் தூக்கிவிடும், துவர்ப்பு அதை இன்னும் கூட்டும். காரக்குழம்புக்குப் பக்கத்தில் சிவப்பு ஒயினை வைக்கவே கூடாது. மீன் குழம்போடு குடித்தால் வாயில் இரும்பு வாடைதான் மிஞ்சும். அதற்குக் குளிர வைத்த ரீஸ்லிங் என்கிற வெள்ளை ஒயின் இருக்கிறது, நீ வரும்போது ஊற்றித் தருகிறேன்.

பத்து டாலருக்கும் கீழே நிறைய பாட்டில் கிடைக்கிறது. லேபிளில் 'சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா' என்று போட்டிருந்தால் பல மாநிலத் திராட்சையும் அதில் கலந்திருக்கலாம். ரிவரினா மாதிரி வாய்க்கால் பாசன ஊர்களில் இயந்திரம் வைத்து அறுத்து, பெரிய தொட்டிகளில் செய்வது. குடிக்கலாம், ஆனால் அந்த மலிவுக்குப் பின்னால் இருக்கிற கதை உனக்குப் புரியும். 2020 கடைசியில் சீனா இந்த நாட்டு ஒயினுக்கு 200 சதவீதத்துக்கு மேல்வரை வரி போட்டது. 2024 மார்ச்சில்தான் எடுத்தது. அந்த வருஷங்களில் சிவப்பு ஒயின் தொட்டி தொட்டியாகத் தேங்கிக் கிடந்தது. திராட்சைக்கு விலையில்லாமல் கொடியையே பிடுங்கிப் போட்ட விவசாயிகள் இருக்கிறார்கள். தக்காளியை வண்டியோடு ரோட்டில் கொட்டியதைப் பார்த்தவர்கள் நாம். அதனால் நாலைந்து டாலர் கூடப் போனாலும் ஊர் பேர் போட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்குகிறேன்.

அப்புறம், நீ பிரஷர் மாத்திரை போடுகிறாய். ஒயின் ஆகுமா, ஆகுமென்றால் எவ்வளவு என்று கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள். ஒரு பாட்டிலில் எத்தனை அளவு ஆல்கஹால் என்று இங்கே லேபிளிலேயே போட்டிருப்பார்கள், கணக்கு வைத்துக் குடிக்கலாம். ஆகாது என்று சொல்லிவிட்டால் வறுவலை மட்டும் ஒரு கை பார்ப்போம்.

டிக்கெட் போட்டதும் தேதி எழுது. தொடைக்கறியா நெஞ்செலும்பா, அண்ணனுக்கு எது இஷ்டம் என்று உன் தங்கச்சி கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் மாப்ளே