தம்பியைப் படியில் உட்காரவைத்த சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

ஆயர் ஐயாவுக்கும் சபைக் கமிட்டியின் பெரியவர்களுக்கும் கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

போன மாதம் முதல் ஞாயிறு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. நான் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

என் தம்பி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எழுந்து போனான். பீடத்தண்டை முழங்காலிட்டு, வலது கையை இடது கையின்மேல் வைத்து ஏந்தினான். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிக் காய்த்துப்போன கை. குடியை விட்டு நாலு மாதம் ஆகியும் நடுக்கம் முழுசாகப் போகவில்லை. அது தெரியக்கூடாது என்று முழங்கைகளை விலாவோடு அழுத்தி வைத்திருந்தான். நகத்தில் இருந்த தேயிலைக் கறை போக, முந்தின ராத்திரி எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதை நான் பார்த்தேன். ஆயர் ஐயா அவனுக்கு இரண்டு பேர் முன்னால் வந்திருந்தார். அப்போது கமிட்டியிலிருந்து ஒருவர் வந்து, தோளைத் தொட்டு, காதில் ஏதோ சொன்னார். தம்பி எழுந்தான். ஏந்திய கையை இறக்கக்கூடத் தோன்றாமல், அப்படியே நடுவழியாக நடந்து வெளியே போனான்.

அன்றைக்கு அப்பம் வாங்கிய என் கையை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு நீங்கள் சொன்னது இரண்டு. ஒன்று, சந்தா பாக்கி 5,400 ரூபாயைக் கட்ட வேண்டும். இன்னொன்று, மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டும். அதுவரை திருவிருந்து கிடையாது. சபை ஒழுங்கு என்றீர்கள்.

ஒழுங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவன் குடியால் அதிகம் பட்டவள் நான்தான். அம்மாவின் தோட்டை விற்றுக் குடித்தான். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டியபோது, தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு திறக்காமல் நின்றேன். அம்மாதான் என்னை விலக்கிவிட்டுத் திறந்தாள். அப்புறம் ஒரு வார்த்தை கேட்காமல் வெந்நீர் வைத்தாள். அதனால் உங்கள் கோபம் எனக்குப் புரியாதது இல்லை. அது என்னிடமும் இருந்தது.

ஆனால் சண்டே ஸ்கூலில் கெட்ட குமாரன் கதையை நான் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தகப்பன் தந்த சொத்தையெல்லாம் அழித்துவிட்டு, ஊருக்குத் திரும்பும்முன் அவன் பேச வேண்டியதை மனசில் தயார்செய்துகொள்கிறான். பாவஞ்செய்தேன், மகன் என்று சொல்லப்பட நான் தகுதியில்லை, என்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பது அந்தப் பேச்சு. தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றபோது முதல் இரண்டைத்தான் சொல்கிறான். கூலிக்காரன் என்ற வார்த்தை வாயில் வரும்முன்பே தகப்பன் வஸ்திரமும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். கூலிக்காரன் என்றால் என்ன என்று எஸ்டேட் லைனில் பிறந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாக்கிக் கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று வரி வசூலிக்கிற சகேயு சொன்னது உண்மைதான். எப்போது சொன்னான்? இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று ஆண்டவர் அழைத்த பிறகு. கணக்கை முடித்துவிட்டு வா, அப்புறம் வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. 5,400 ரூபாயை நான் இரண்டு தவணையில் கட்டிவிட முடியும். கட்டப்போவதில்லை. கட்டினால், இரக்கத்துக்கு விலை உண்டு என்று நானும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

இந்தச் சபை யாரால் ஆனது என்று கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். இலங்கைத் தோட்டத் தமிழரில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபிறகு, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, டிரங்குப் பெட்டியோடு இந்தக் கோத்தகிரி மலைக்கு வந்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். ஞானஸ்நானச் சீட்டுகூடக் கையில் இல்லாமல் வந்து நின்றதை என் பாட்டி சொல்லியிருக்கிறாள். அவளிடம் அன்றைக்கு யாரும் பாக்கி கேட்கவில்லை. இப்போது பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத மாதத்தில் சந்தா கட்ட முடியாதவர்கள் பின் பெஞ்சுக்குப் போகிறார்கள். வேறு மதத்தில் கல்யாணம் செய்த பிள்ளையின் தாய் பண்டிகைக்குக்கூட வர வெட்கப்படுகிறாள். பாக்கி வைத்தவர் செத்தால், கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்குமா என்று வீட்டார் பயப்படுகிறார்கள். இதெல்லாம் எப்போது தொடங்கியது, பெரியவர்களே?

சரி, என் தம்பி விஷயத்துக்கே வருகிறேன். கொரிந்து சபையிலும் இப்படி ஒருவன் தண்டனையில் இருந்தான். பவுல் அந்தச் சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 2-ம் அதிகாரத்தை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தயவுசெய்து வாசியுங்கள். தண்டித்தது போதும், மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மிதமிஞ்சிய துக்கத்தில் அவன் அமிழ்ந்துபோவான் என்று எழுதியிருக்கிறார். நான் பயப்படுவதும் அதற்குத்தான். நம் பஸ் ஸ்டாப்பிலிருந்து சாராயக் கடை எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். இந்த ஐந்து வாரமாக அவன் அந்தப் பக்கம் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்து, மணிக்கூண்டுக்குக் கீழே உள்ள படியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக ஆராதனையைக் கேட்டுவிட்டு, ஆசீர்வாதம் முடிந்ததும் எழுந்து போகிறான்.

அவன் பாவ அறிக்கை செய்யட்டும், நம் எல்லோரோடும் சேர்ந்து, முழங்காலில். அந்த ஜெபத்தை நாம் எல்லோரும்தானே சொல்கிறோம். தனியாக நிறுத்தி வாசிக்கவைக்காதீர்கள். பாக்கியை நிபந்தனை ஆக்காதீர்கள். அவனுக்குத் திருவிருந்து கொடுங்கள்.

வருகிற பெரிய வியாழன் ராத்திரி ஆராதனைக்கு நாங்கள் வருகிறோம். கடைசி பஸ் போய்விடும், கரடி நடமாட்டம் வேறு இருக்கிறது. அதனால் லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் டார்ச்சோடு சேர்ந்து நடந்து வருவோம். அம்மாவும் வருகிறாள், தம்பியும் வருகிறான். அன்றைக்கு அவனைப் பீடத்தண்டை வர அனுமதிக்கும்படி உங்கள் எல்லோரையும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சண்டே ஸ்கூல் ஆசிரியை