மணிக்கூண்டு கல்லுல அந்த 14 பேர் பெயரையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டை தெரியாத ஆள் நம்ம மாவட்டத்துல இருக்க மாட்டாங்க, ஆனா அதுல பதிச்சிருக்கிற கல்லுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டா பாதிப்பேர் முழிப்பாங்க. இங்கிலீஷ்ல இருக்கு. இந்த கிராமத்துல இருந்து 1914-18 மகா யுத்தத்துக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, 277 பேர் போனாங்க, அதுல 14 பேர் உயிரை விட்டாங்க, அவ்வளவுதான் விஷயம். ஒரு பெயர் கூட கிடையாது.

கோட்டையும் பட்டாளமுமா இருந்த வேலூரை போய் கிராமம்னு போட்டிருக்கானேன்னு சிலர் சிரிப்பாங்க. போர் முடிஞ்சதும் ஆள் அனுப்பின ஊர்களுக்கு ஏறக்குறைய ஒரே வாசகத்துலதான் வெள்ளைக்காரன் கல் வச்சான், ஊர் பேரும் ரெண்டு நம்பரும்தான் மாறும். இந்தியா பூரா பல கிராமத்துல இதே மாதிரி கல்லை பாக்கலாம்.

இதுல ஒரு கொடுமை என்னன்னா, அந்த போருக்கு முன்னாடி வரைக்கும் தெற்கத்திக்காரன் சண்டைக்கு லாயக்கு இல்லன்னு சொல்லி மெட்ராஸ் ரெஜிமென்ட்டுகளை ஒண்ணொண்ணா குறைச்சிட்டே வந்தாங்க, பஞ்சாபி, பட்டாணி, கூர்க்கா தான் வீர ஜாதின்னு ஒரு கணக்கு. அப்புறம் போர் இழுத்துக்கிட்டே போய் ஆள் பத்தலன்னதும் நம்ம பக்கம் திரும்பவும் ஆள் எடுக்க வந்தாங்க. நம்மாளுங்க மெசபடோமியா வரைக்கும் போனாங்க, அதாவது இன்னைக்கு இராக். மெட்ராஸ் சேப்பர்ஸ்ங்கிற ராணுவ இன்ஜினியர் படை அங்க பாலம் போட்டாங்க ரோடு போட்டாங்க, 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரிங்கிற காலாட்படை 1914 நவம்பர்லயே கிழக்கு ஆப்பிரிக்காவுல டாங்கா துறைமுகத்துல ஜெர்மன்காரன் கிட்ட செம அடி வாங்கிச்சு. தூக்கி சுமக்க, தோண்ட, சமைக்கன்னு போனவங்க தனி. மொத்தமா இந்தியாவுல இருந்து 13 லட்சம் பேருக்கு மேல போய் கிட்டத்தட்ட 74,000 பேர் திரும்பல.

பெயர் போடாதது வேலூர்ல மட்டும் இல்ல. இராக்ல பாஸ்ரா நினைவுச்சின்னம்னு ஒண்ணு இருக்கு, 40,000 பேருக்கு மேல நினைவா கட்டினது. அதுல பிரிட்டிஷ் சிப்பாய்க்கு பெயர் உண்டு, இந்திய ஆபீசருக்கும் பெயர் உண்டு, நம்ம சாதாரண சிப்பாய்க்கு மட்டும் ரெஜிமென்ட் பெயரும் இத்தனை பேருன்னு ஒரு நம்பரும். போர்ல செத்தவங்க கல்லறை, நினைவுச்சின்னத்தை எல்லாம் பாத்துக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021ல ஒரு அறிக்கை விட்டு இப்படி சமமா நடத்தாம விட்டவங்க 45,000ல இருந்து 54,000 பேர் இருக்கலாம்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பும் கேட்டுச்சு.

நம்ம மண்ணுல இந்த பழக்கமே கிடையாதுங்க. பழைய வட ஆற்காடு ஜில்லாவுல செங்கம் பக்கம் எடுத்தனூர்னு ஒரு ஊர், இப்ப திருவண்ணாமலை மாவட்டம். அங்க மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு, எருமை மந்தைய காப்பாத்த போய் செத்த கருந்தேவக்கத்திங்கிற வீரனுக்கு வச்சது. அவன் பெயர், யாரோட ஆளு, ராஜாவுக்கு எத்தனாவது வருஷம், எல்லாம் வெட்டியிருக்கு. கூட நின்னு கள்ளனை கடிச்ச நாய் பெயரும் இருக்கு, கோவிவன்னு. ஏழாம் நூற்றாண்டுல ஒரு மாட்டுச் சண்டையில நின்ன நாய்க்கு கிடைச்ச மரியாதை இருபதாம் நூற்றாண்டுல கடல் தாண்டிப் போய் செத்த மனுஷனுக்கு கிடைக்கல.

வெள்ளைக்கார ராஜாவுக்காக செத்தவனுக்கு எதுக்கு மரியாதைன்னு கேக்குறவங்க இருக்காங்க, 1806 சிப்பாய் புரட்சி நடந்த ஊராச்சே, கேக்கத்தான் செய்வாங்க. வருஷா வருஷம் ஜூலை 10 அன்னைக்கு அந்த நினைவுத்தூண்ல மாலை போடுறோம், அது கட்டாயம் நடக்கணும். ஆனா இந்த 277 பேரும் ராஜா மேல பாசம் பொங்கியா போயிருப்பாங்க? சம்பளம்னு ஒண்ணு கைக்கு வரும், வீட்ல அடுப்பு எரியும். இன்னைக்கும் கம்மவான்பேட்டை மாதிரி நம்ம பக்கத்து ஊர்கள்ல இருந்து பசங்க பட்டாளத்துக்கு போறாங்கன்னா அதுல வயித்துப்பாடும் சேர்ந்துதான் இருக்கு, அதுக்காக அவங்களை குறைச்சா பேசுறோம்?

நான் கேக்குறது பெரிய செலவு இல்ல. அந்த போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல யாரு வேணா ஃப்ரீயா தேடலாம், செத்த சிப்பாய்ங்க பல பேரோட அப்பா பெயர், ஊர், ஜில்லா வரைக்கும் போட்டிருக்காங்க, இங்கிலீஷ்காரன் காதுக்கு எப்படி கேட்டுச்சோ அப்படி எழுதியிருப்பான், அதனால ஊர் தெரிஞ்ச ஆளு உக்காந்து பாக்கணும். வேலூர் காலேஜுங்கள்ல ஹிஸ்டரி படிக்கிற பசங்களுக்கு ஒரு ப்ராஜெக்டா குடுக்கலாம். கலெக்டர் ஆபீசும் தொல்லியல் துறையும் சேர்ந்து சரிபார்த்து, பழைய கல்லை தொடாம அதுக்கு கீழ தமிழ்ல ஒரு பலகை வைக்கட்டும், ஒரு காப்பி கோட்டைக்குள்ள இருக்கிற அரசு மியூசியத்துல இருக்கட்டும். 14ம் கிடைக்கலன்னாலும் பரவால்ல, கிடைச்ச வரைக்கும் போட்டுட்டு மிச்சத்துக்கு கீழ இடம் விட்டு வைங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்