வண்டி எப்போது திக்குகிறது?

அன்பு மகளுக்கு,

காரைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் திடீரென்று திக்கித் திணறுவதும், சிறிது தூரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் இழுவை திரும்பிவிடுவதும், மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் மட்டும் சமர்த்தாக ஓடி உன்னைப் பொய்க்காரியாக்குவதும் பழைய வண்டிகளில் புதிய செய்தியல்ல. மெக்கானிக்கின் மேல் வருத்தப்படாதே. கோளாறு நடக்கும் நேரத்தில் பார்த்தால்தான் யாராலும் காரணம் சொல்ல முடியும். அந்த நேரத்தில் வண்டிக்குள் இருப்பவள் நீ ஒருத்திதான். ஆகையால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரை மாற்றிவிடலாம் என்று அவர் சொன்னதற்கு இப்போதைக்குத் தலையாட்டிவிடாதே. உன் அப்பாவுக்கும் எந்தக் கோளாறு என்றாலும் கார்ப்பரேட்டர்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் பார்த்தவரை, விட்டுவிட்டு வரும் இந்த மாதிரித் திக்கலுக்குக் கார்ப்பரேட்டரைவிட மின்சாரப் பக்கமே அதிகம் காரணமாக இருந்திருக்கிறது.

வண்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். திக்கல் வந்தால், ஓரமாக நிறுத்திய பிறகு, புறப்பட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, என்ஜின் சூடேறியிருந்ததா, மேடு ஏறினாயா சமதரையில் போனாயா, ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது வந்ததா ஒரே சீராகப் பிடித்திருந்தபோது வந்ததா, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருந்தது, மழை பெய்ததா என்பதையெல்லாம் எழுதி வை. சில தடவை எழுதிய பிறகு அதில் ஓர் ஒழுங்கு தெரியவரும். குளிர்ந்த என்ஜினில் ஒருபோதும் வராமல் சூடேறிய பிறகே வருகிறது என்றால் தேட வேண்டிய இடம் ஒன்று; ஈரமான காலைகளில் வந்து, வெயில் ஏறியதும் போய்விடுகிறது என்றால் தேட வேண்டிய இடம் வேறு. மேட்டிலும் வேகத்திலும் மட்டும் வந்து, நின்ற இடத்தில் ஓடும்போது சீராக இருந்தால், பெட்ரோல் போதிய அளவு வந்து சேரவில்லை என்று சந்தேகிக்கலாம்.

எல்லாவற்றையும்விட, அது எப்படித் திணறுகிறது என்பதைக் கவனி. பெட்ரோல் போதாத என்ஜின் மெதுவாகத் தளரும். வண்டி முன்னும் பின்னும் உலுக்கும், ஆக்சிலரேட்டரை மேலும் அழுத்தினால் மோசமாகும், காலை எடுத்துச் சற்றுப் பொறுத்தால் தேறும், ஏனென்றால் அந்த இடைவெளியில் கார்ப்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் மறுபடி நிரம்பிவிடுகிறது. தீப்பொறி அறுந்தால் அப்படியல்ல. சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் ஒரு கணத்தில் எல்லாம் போய்விடும். திரும்பி வரும்போது சைலன்சரில் ஒரு வெடிச் சத்தம் கேட்கலாம், எரியாமல் வெளியேறிய கலவை அங்கே போய் எரிவதால் வரும் சத்தம் அது. ஆர்.பி.எம். முள்ளையும் பார். நம் வண்டியில் அந்த முள், தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் இக்னிஷன் காயிலின் மின் துடிப்புகளை எண்ணித்தான் அசைகிறது. வண்டி கியரில் இருந்து, சக்கரங்கள் என்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், இக்னிஷன் சுவிட்ச், காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட், காயிலின் முதல் சுற்று, இவற்றை இணைக்கும் சின்ன வயர்கள் ஆகியவற்றுக்குள்தான் குறை இருக்கிறது. முள் விழாமல் என்ஜின் மட்டும் திக்கினால், தீப்பொறி மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, அதனுள் சுழலும் ரோட்டர், பிளக் வயர்கள் அல்லது பெட்ரோல் பக்கத்தைப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றைக் கவனித்துச் சொன்னாலே மெக்கானிக்கின் வேலை பாதியாகிவிடும்.

சூடேறிய பிறகே வருகிறது என்று நோட்டு சொன்னால், நான் முதலில் சந்தேகப்படுவது காயிலைத்தான். அதனுள் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியில் எங்கேயாவது பிளவு இருந்தால், சூட்டில் விரிந்து விலகி, ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆறிய காயிலை மீட்டரில் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். சாதாரண 12 வோல்ட் காயிலில் முதல் சுற்றின் மின்தடை ஏறக்குறைய 3 ஓம் இருக்கும். மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பேலஸ்ட் ரெசிஸ்டருடன் வரும் காயிலில் அதில் பாதி. திக்கல் வந்த கையோடு, சூடாக இருக்கும்போதே அளக்கச் சொல். வழியில் நின்றுபோய் ஸ்டார்ட் ஆக மறுத்தால், சாவியை அணைத்துவிட்டு, ஈரத் துணியைக் காயிலின் உடம்பில் மட்டும் சுற்று. மேலே வயர் சொருகும் வாய் நனையக் கூடாது. வழக்கமாக வெகுநேரம் ஆறவிட்டால்தான் கிளம்பும் வண்டி இப்போது சீக்கிரமே கிளம்பிவிட்டால், காயில் அகப்பட்டுக்கொண்டது என்று அர்த்தம். அதற்குப் பதிலாக, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணி போட்டால்தான் கிளம்புகிறது என்றால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கிறது. இரண்டு துணியையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டால் ஒன்றும் தெரியாமல் போய்விடும்.

டிஸ்ட்ரிபியூட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பலரும் மூடியைத் திறந்து, பாயின்டை உப்புத்தாளால் தேய்த்து, மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். மூடியின் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு, பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கரிக்கோடு தெரிந்தால், அது அழுக்கல்ல. மின்சாரம் தப்பி ஓடிய தடம். துடைத்தால் போகாது, மூடியைத்தான் மாற்ற வேண்டும். மழை நாளில் மட்டும் வரும் திக்கலுக்கு இந்தக் கோடும் வெடித்த பிளக் வயர்களுமே பெரும்பாலும் காரணம். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து என்ஜினை ஓடவிட்டால், கசியும் இடத்தில் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள், அந்த வயர்களில் ஓடுவது 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும், தொட்டுப் பார்க்கும் பொருளல்ல.

உள்ளே இன்னொரு வயர் இருக்கிறது, பாயின்டுக்குப் போகும் சின்ன வயர். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, என்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு தீப்பொறி வரும் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் அந்தப் பாயின்ட் தட்டை இலேசாகத் திருப்புகிறது. ஒவ்வொரு முறையும் அந்த வயர் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. ஆண்டுக்கணக்கில் வளைந்ததில் செம்பு இழைகள் உள்ளேயே அறுந்துவிடும், மேலுறை மட்டும் முழுசாக இருக்கும். கண்ணுக்கு நல்ல வயராகத் தெரிவது, தட்டு திரும்பும் கணத்தில் மட்டும் தொடர்பை விட்டுவிடும். அதைக் கண்டுபிடிக்க, அட்வான்ஸுக்கு வரும் குழாயைக் கழற்றி, கார்ப்பரேட்டர் பக்கத்து வாயை அடைத்துவிட்டு, சுத்தமான ஒரு ரப்பர் குழாயை அட்வான்ஸில் சொருகி, என்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போது வாயால் உறிஞ்ச வேண்டும். என்ஜின் வேகம் சற்றுக் கூட வேண்டும். கூடாமல் திக்கினால் வயர்தான். பாயின்ட் இடைவெளி பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், ஆனாலும் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவையே வைக்கச் சொல். பாயின்டோடு, அதில் பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டென்சரையும் மாற்றுவது வழக்கம்; புதிதாக வரும் கண்டென்சர்கள் சில பழையதைவிட மோசமாக இருப்பதால், கழற்றியதைத் தூக்கி எறியாமல் வாங்கி வைத்துக்கொள்.

பெட்ரோல் பக்கத்தில் நீயே பார்க்கக்கூடியது டேங்க் மூடி. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டும். அந்தத் துளை அடைந்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். திக்கல் வந்ததும் நிறுத்தி மூடியைத் திற. உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, அதன் பிறகு வண்டி நன்றாக ஓடினால், குறை மூடியில்தான். ஃபில்ட்டர் அடைப்பு எல்லோரும் அறிந்தது. அதைவிடத் தந்திரமானது டேங்கின் அடியில் உதிரும் துரு: ஓடும்போது உறிஞ்சும் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், நிறுத்தினால் தானாக விழுந்துவிடும். புது ஃபில்ட்டர் விரைவிலேயே செந்நிறமாகிவிட்டால் டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டியதுதான். ரப்பர் குழாய்களை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல். பழைய ரப்பரை எத்தனால் கலந்த பெட்ரோல் கெடுக்கிறது, வெடிப்பு இருந்தால் பெட்ரோல் கசிவதும் உண்டு, காற்று புகுவதும் உண்டு. கசிவு கண்ட பிறகு அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

பிளக்குகளைக் கழற்றும்போது எது எந்த சிலிண்டருடையது என்று வரிசையாக வைக்க வேண்டும். இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. எல்லாமே கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், எல்லாமே வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது எங்கோ காற்று புகுகிறது. ஒன்று மட்டும் வேறாக இருந்தால் கார்ப்பரேட்டரைக் குறை சொல்ல அநேகமாக வழியில்லை, அது எல்லா சிலிண்டருக்கும் பொதுவானது. அந்த ஒன்றின் பிளக்கையும் வயரையும் பார்க்க வேண்டும். பேட்டரி எர்த் வயரை, என்ஜினில் இறுக்கியிருக்கும் இடத்தில் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கி மறுபடி முடுக்கச் சொல், செலவில்லாத வேலை.

இவற்றில் எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அடுத்ததைத் தொடுமுன் முன்பு திக்கிய அதே சூழ்நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கோளாறு தீரும்வரை முந்திச் செல்வதையும் விரைவுச் சாலையையும் தவிர்த்துவிடு, பாதி முந்தும்போது இழுவை போனால் ஒதுங்க இடமிருக்காது.

நோட்டில் சேர்ந்ததைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, பிளக்குகளைக் கழற்றினால் அவற்றையும் வரிசையாக வைத்துப் படமெடு. அதற்குள் டேங்க் மூடியை ஒருமுறை பார்த்துவிடு, அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா