பொது அறிவு வட்டம், திருகோணமலை: செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இன்று நேரம் ஒதுக்கி வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம். எமது வட்டத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான காலத்துக்குரிய அறிக்கையை இச்சபையின் முன் வைக்கிறேன்.

செயற்குழு முறைப்படி கூடியது. மாதாந்த வினாவிடை மாலைகள் பெரும்பாலும் தடையின்றி நடைபெற்றன. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலும் நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலும் வந்தமையால் மண்டபம் கிடைக்கவில்லை. நவம்பர் இறுதியில் அடைமழையும் சேர்ந்துகொண்டதால் மாணவர் போட்டி பெப்ரவரிக்குத் தள்ளிப்போனது. வாணி விழா வழமைபோல் நடைபெற்றது. நிலாவெளிச் சுற்றுலாவும் நடைபெற்றது.

இனி, சற்று விரிவாகச் சொல்லவேண்டிய வினா அட்டைத் திட்டத்துக்கு வருகிறேன். இதற்கு ஏன் இவ்வளவு நேரமும் பணமும் செலவிடப்படுகிறது என்று சென்ற பொதுக்கூட்டத்திலும் கேட்கப்பட்டது. அப்போது நேரமின்மையால் முழுமையாகப் பதிலளிக்க முடியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நாம் நடத்திய மாணவர் போட்டியின் இறுதிச் சுற்றில், சுசந்திகா ஜயசிங்க 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் 200 மீற்றர் ஓட்டத்துக்காகப் பெற்ற பதக்கம் எது என்று கேட்டோம். மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாணவி ஒருவர் வெள்ளி என்றார். எமது விடைத்தாளில் வெண்கலம் என்றிருந்தது. பிழை என்று ஒலிவாங்கியில் அறிவித்தவன் நான்தான். அந்த ஒரு புள்ளியால் அவர் இரண்டாமிடத்துக்குப் போனார். சுசந்திகா மூன்றாவதாக ஓடி முடித்து வெண்கலம் பெற்றது உண்மையே. ஆனால் முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2007 இல் ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். அதன் பின் 2009 டிசெம்பரில் வெள்ளிப் பதக்கம் சுசந்திகாவுக்கு உரியதாக்கப்பட்டது. 1948 இல் லண்டனில் 400 மீற்றர் தடை தாண்டலில் டங்கன் வைற் பெற்ற வெள்ளிக்குப் பின் இந்நாட்டுக்குக் கிடைத்த ஒரே ஒலிம்பிக் பதக்கம் பற்றிய கேள்வியிலேயே, பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து எழுதிய நாம் சரியாகச் சொன்ன பிள்ளைக்குப் பிழை போட்டோம். மேடையால் இறங்கி, சான்றிதழைச் சுருட்டித் தகப்பனின் கையில் கொடுத்துவிட்டு, “நான் சொன்னது சரிதானே அப்பா?” என்று அந்தப் பிள்ளை கேட்டது என் காதில் விழுந்தது. மறுநாள் நூலகத்தில் தேடிப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். கிண்ணம் அதற்குள் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது.

அந்த வாரமே தொடங்கியதுதான் இத்திட்டம். பிறிஸ்டல் மட்டையைத் தபாலட்டை அளவில் வெட்டி, முன்பக்கத்தில் கேள்வியையும் பின்பக்கத்தில் விடையையும் எழுதுகிறோம். விடையின் கீழே, அது எந்த இரண்டு இடங்களில் பார்க்கப்பட்டது, எத்திகதியில் பார்க்கப்பட்டது, பார்த்த இருவர் யார் என்பவை இருக்கவேண்டும். இரண்டு கையொப்பமும் இல்லாத அட்டை பிஸ்கட் ரின்னுக்குள் போகாது. கலை, விஞ்ஞானம், விளையாட்டு, வரலாறு, புவியியல் என ஐந்து ரின்கள் இப்போது அலுமாரியில் உள்ளன. காலத்தால் மாறக்கூடிய விடைகளின் மூலையில் சிவப்புக் கோடு இடப்படும்; அவை ஆண்டுதோறும் மீண்டும் பார்க்கப்படவேண்டியவை. எவரெஸ்ற்றின் உயரம் 2020 டிசெம்பரில் 8,848.86 மீற்றர் என அறிவிக்கப்பட்டபின்பும் எமது பழைய கொப்பிகளில் 8,848 என்றே கிடந்தது. கசகஸ்தானின் தலைநகர் அஸ்தானா 2019 இல் நூர்சுல்தான் ஆகி, 2022 இல் மீண்டும் அஸ்தானா ஆனது. இடையில் அச்சான வினாவிடை நூல்களை வைத்திருப்போர் இன்றும் நூர்சுல்தான் என்றே சொல்கிறார்கள். இவ்வறிக்கையை எழுதத் தொடங்கிய மார்ச் மாதத்திலேயே சனிக் கோளுக்கு மேலும் 128 துணைக்கோள்கள் அங்கீகரிக்கப்பட்டு, 146 என்றிருந்த எமது அட்டை 274 என்று மாற்றி எழுதப்பட்டது. சென்ற டிசெம்பரில் குகேஷ் 18 வயதில் உலகச் சதுரங்கச் சம்பியன் ஆனபோது மாற்றவேண்டிய அட்டைகள் இரண்டு. அவ்விரண்டும் அடுத்த ஞாயிறே மாற்றப்பட்டன என்பதை மனநிறைவோடு பதிவு செய்கிறேன்.

விடை சரியாக இருந்தாலும் கேள்வி பிழையாக இருக்கலாம் என்பதை இவ்வாண்டுதான் நன்கு உணர்ந்தோம். உலகின் முதலாவது விமானந்தாங்கிக் கப்பல் எது என்ற அட்டையில் ஹெர்மிஸ் என்று எழுதியிருந்தோம். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் எமது துறைமுகத்தைத் தாக்கிய அதே நாளில், இங்கிருந்து புறப்பட்டு மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட கப்பல் அது; எனவே எமக்கு அதன்மீது தனியான பற்று உண்டு. ஆயினும், விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட முதற் கப்பல் ஹெர்மிஸ் என்றாலும், அவ்வகையில் முதலில் கட்டி முடிக்கப்பட்டு 1922 டிசெம்பரிலேயே சேவைக்கு வந்தது யப்பானின் ஹோஷோ. ‘கட்டத் தொடங்கப்பட்ட’ என்ற சொற்கள் இல்லாமல் அக்கேள்வியைக் கேட்பது நியாயமன்று. இதைத் தீர்க்க நால்வர் முழு மாலையொன்றைச் செலவிட்டோம். அது வீணான நேரம் என்று நான் கருதவில்லை.

இதிலும் பெரிய வாதம் எமது துறைமுகத்தைப் பற்றியே எழுந்தது. திருகோணமலை உலகின் இரண்டாவது பெரிய இயற்கைத் துறைமுகம் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். கைக்கு எட்டிய நூல்களை விரித்துப் பார்த்தபோது ஒன்றில் இரண்டாவது, இன்னொன்றில் ஐந்தாவது, வேறொன்றில் ‘மிகப் பெரியவற்றுள் ஒன்று’ என்றிருந்தது. நீர்ப்பரப்பை அளந்தார்களா, ஆழத்தை அளந்தார்களா, எந்தெந்தத் துறைமுகங்களோடு ஒப்பிட்டார்கள் என்பதை ஒரு நூலும் சொல்லவில்லை. எனவே அந்த அட்டையை நீக்கினோம். மூத்த அங்கத்தவர் ஒருவர், ஊரின் பெருமையை ஊரவரே வெட்டுவதா என்று கேட்டு எழுந்து சென்றவர், அதன் பின் ஞாயிறுகளில் வரவில்லை. அவருக்கு இச்சபையில் என் மரியாதையைத் தெரிவிக்கிறேன். ஊரின் பெருமைக்கு உறுதியான சான்றுகள் நிறையவே உள்ளன. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேச்சரம் இங்கேதான் இருக்கிறது. நாட்டின் மிக நீண்ட நதியான மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடி வந்து கடலை அடைவது எமது கொட்டியாரக் குடாவில். பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817 இல் கடலில் இறக்கப்பட்ட, எமது ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் மிதக்கிறது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பியும் கடற்படைத் தளபதியுமான சாள்ஸ் ஒஸ்ரின் 1852 இல் பர்மாவில் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டார். அந்த அட்டையில் கையொப்பமிடுவதற்கு முன், ஓய்வுபெற்ற ஆசிரியரான எமது உபதலைவரும் நானும் நண்பகல் வெயிலில் அந்தப் பழைய சேமக்காலைக்கு நடந்தே போய்ப் பார்த்துவந்தோம். நீக்கிய ஓர் அட்டைக்குப் பதிலாக இந்நான்கும் இப்போது ரின்களில் உள்ளன.

இவ்வளவும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வாசிகசாலையின் பின்னறையில் கூடிய ஐவரின் உழைப்பு. சில ஞாயிறுகளில் நாங்கள் மூவர். பெயர்ப்பதிவேட்டில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருக்கிறோம். போட்டி நாளில் நடுவராக அமர்வதற்கும் பரிசளிப்பில் மேடையேறுவதற்கும் ஆட்பஞ்சம் ஏற்பட்டதே இல்லை. ஆனால் அட்டையை எடுத்துப் பார்த்து, ‘இது எங்கே இருக்கிறது, எப்போது எழுதியது’ என்று கேட்பதற்கு இரண்டாவது கையொப்பக்காரர் கிடைக்காமல், எழுதி முடித்த அட்டைகள் கட்டுக்கட்டாகக் காத்துக்கிடக்கின்றன. அனைவருக்கும் வேலை உண்டு, வீடு உண்டு. கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வருவோருக்கு மாலையில் பஸ் கிடைப்பது சிரமம் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் நகரத்துக்குள்ளேயே, கடற்கரையில் காற்று வாங்குவதற்கு எம் வாசலைக் கடந்து செல்லும் அங்கத்தவர்கள் உள்ளே ஒரு மணி நேரம் அமரலாம் என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. கலை ரின் பாதிகூட நிரம்பவில்லை. இவ்வூரில் பணியாற்றிய விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் அரங்கேறியது 1947 இல் என்பதற்கு அப்பால் இசை பற்றி எழுத எங்கள் ஐவருக்கும் அறிவு போதாது. சங்கீதம் கற்பிக்கும் அங்கத்தவர்கள் எம்மிடையே இருவர் இருக்கிறார்கள்.

சந்தா பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. அங்கத்தவருள் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் சந்தா நிலுவையில் உள்ளது. சிலருடையது மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. பெயர்களை வாசிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பட்டியல் பொருளாளரிடம் உள்ளது. கூட்டம் முடிந்ததும் அவர் தேநீர் மேசைக்கு அருகிலேயே இருப்பார்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவு செலவை ஓரளவு ஈடுசெய்தது. மண்டப வாடகை, பரிசுகள், மட்டை மற்றும் நிழற்பிரதிச் செலவு என்பனவே முக்கிய செலவினங்கள். வங்கியில் சிறு தொகை மீதமுள்ளது. விபரங்களைப் பொருளாளர் தமது அறிக்கையில் சமர்ப்பிப்பார்.

மண்டபம் தந்துதவியோருக்கும், ஒலிபெருக்கி வழங்கியோருக்கும், பின்னறையைத் திறந்துவிடும் வாசிகசாலைப் பொறுப்பாளருக்கும், போட்டி நாளில் சிற்றுண்டி தயாரித்துத் தந்த இல்லத்தரசியருக்கும், அனுசரணை வழங்கிய வர்த்தகப் பெருமக்களுக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு மாணவர் போட்டியை ஒக்டோபருக்கு முன்னர் நடத்த எண்ணியுள்ளோம். கேட்கப்படும் எல்லாக் கேள்விகளும் இரண்டு கையொப்பம் பெற்ற அட்டைகளிலிருந்தே எடுக்கப்படவேண்டும் என்ற தீர்மானத்தை இன்று முன்மொழிகிறேன். இப்போதுள்ள ஆட்பலத்தோடு விளையாட்டையும் புவியியலையும் மட்டுமே அதற்குள் முடிக்கலாம். மற்ற மூன்றுக்கும் வாரந்தோறும் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். இரண்டாமிடம் பெற்ற அந்த மாணவி இவ்வாண்டு க.பொ.த. உயர்தர வகுப்பில் படிக்கிறார். அடுத்த போட்டிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வரும்போது அதே மேடையில் சரிபார்க்கப்படாத ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. செயலாளர் பதவிக்கு என் பெயர் மீண்டும் முன்மொழியப்படலாம் என்று அறிகிறேன். ஞாயிறு முறைப்பட்டியலை வாசலில் உள்ள மேசையில் பேனாவோடு வைத்துள்ளேன். தெரிவு தொடங்குவதற்கு முன் அதில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்பதைப் பார்த்த பின்னரே என் சம்மதத்தைத் தெரிவிப்பேன்.

செயலாளர்
திருகோணமலை