கள்ளி நாற்றுக்கு வெயில் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வெளியான வீட்டுத்தோட்டக் கட்டுரையில், கள்ளி விதைகளை மணலில் தூவி, மொட்டை மாடியில் நல்ல வெயிலில் வைத்து, வாரம் ஒரு முறை தண்ணீர் தெளித்தால் போதும் என்று எழுதப்பட்டிருந்தது. வளர்ந்த செடிக்குப் பொருந்தும் இந்த யோசனை, முளைத்து ஓராண்டு ஆகாத நாற்றுக்கு எமனாக முடியும் என்பதை, இதே முறையைப் பின்பற்றி இரண்டு முறை எல்லா நாற்றுகளையும் பறிகொடுத்தவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

நான் சொல்வது அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட கேக்டஸ் வகையை. நம் வேலிகளில் நிற்கும், ஒடித்தால் பால் வடியும் சதுரக்கள்ளி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. சப்பாத்திக்கள்ளிதான் உண்மையான கேக்டஸ், அதுவும் வந்தேறி. அரிசோனா பாலைவனத்தின் ராட்சதக் கள்ளியான சகுவாரோவும்கூட, நம் பக்கத்து உடைமரம் போன்ற ஏதாவது ஒரு மரத்தின் நிழலில் விழுந்த விதையிலிருந்துதான் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கிறது. முதல் எட்டு ஆண்டுகளில் அது ஒன்றரை அங்குல உயரத்தைத் தாண்டுவதே அரிது. தண்ணீரைச் சேமித்து வைக்க உடம்பே இல்லாத பிஞ்சை வெயிலில் காயப்போடுவது நியாயமில்லை.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது. சலித்துத் தூசி கழுவிய பருமணலும் செங்கல் பொடிச் சல்லியும் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்து, இட்லிக் கொப்பரையில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறவிடுகிறேன். வீட்டில் இதற்குக் கிடைத்த வசவைக் கேட்டபின் பழைய கொப்பரை ஒன்றைத் தனியாக வாங்கிக்கொண்டேன். நம் பக்கத்துச் செம்மணல் மேடுகளான தேரிகளின் மணல் மிக நுண்ணியது என்பதால் அதைத் தவிர்க்கிறேன். அல்வா வாங்கிய ஒளிபுகும் டப்பாவில் இந்தக் கலவையை இட்டு, நனைத்து, கசகசா அளவே இருக்கும் விதைகளை மேலே தூவி, மண் மூடாமல் விட்டு, டப்பாவின் மூடியை இறுக்கமாக மூடிவிட வேண்டும். பெரும்பாலான வகைகளின் விதைகள் முளைக்க வெளிச்சம் தேவை என்பதால்தான் மண் மூடுவதில்லை. கிழக்கு ஜன்னல் ஓரத்தில், நேர்வெயில் படாத இடத்தில், 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரம் முதல் மூன்று வாரங்களுக்குள் பச்சை உருண்டைகள் தலைகாட்டும். டப்பாவின் உட்புறம் நீர் முத்துகள் நிற்கும்வரை மறுபடி தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. நாற்று செம்பழுப்பாக மாறினால் வெளிச்சம் மிகுதி. வெளுத்து நீண்டால் வெளிச்சம் போதவில்லை. முட்கள் தெரிந்த பிறகே மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து, நாளடைவில் அகற்றலாம். அவசரப்பட்டு ஒரே நாளில் எடுத்தால் வாடிவிடும். மண்ணை வேகவைக்காமல் விட்டாலோ நாற்றழுகல் என்ற பூஞ்சை நோய் ஒரே இரவில் டப்பா முழுவதையும் சாய்த்துவிடும்.

நம் மாவட்டத்தில் விதைக்க ஏற்ற காலம் தையும் மாசியும். சித்திரை, வைகாசியில் மூடிய டப்பா அடுப்பாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியைத் திறக்கும் பருவம் வந்தால் பூஞ்சை முந்திக்கொள்கிறது.

நீலம், ஊதா என்று வண்ணப் படம் போட்டு இணையத்தில் விற்கும் விதைப் பொட்டலங்களை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். கடைகளில் காணும் சிவப்பு, மஞ்சள் தலைக் கள்ளிகள் பச்சையம் இல்லாதவை, வேறொரு கள்ளியின்மேல் ஒட்டுக்கட்டப்பட்டவை. அந்தத் தலை தன் வேரில் தனித்து வாழாது. பழகிப் பார்க்க விரும்புவோர் பழக்கடையில் ஒரு டிராகன் பழம் வாங்கலாம். அதுவும் கேக்டஸ்தான். சதையை நன்கு கழுவி நீக்கிய விதைகள் பெரும்பாலும் ஒரு வாரத்திலேயே முளைத்துவிடுகின்றன.

விதை வாங்கி வைத்திருக்கும் வாசகர்களின் பொருட்டு, அக்கட்டுரைக்குத் திருத்தம் ஒன்றை வரும் ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.